ரெட் ஒயின் ஏன் துவர்க்கிறது?

"திராட்சையில் செய்தது என்பதால் இனிக்கும் என்று நினைத்தேன். ஒரு வாய் குடித்ததும் நாக்கு வறண்டு, பச்சைப் பாக்கைக் கடித்ததுபோல் கன்னம் உள்ளே இழுக்கிறது. கெட்டுப்போன பாட்டிலா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

கெடவில்லை. கறுப்புத் திராட்சையிலும் பெரும்பாலான வகைகளின் சாறு நிறமற்றதுதான். நிறம் தோலில் இருக்கிறது. அதனால் ரெட் ஒயினுக்குத் தோலையும் விதையையும் சேர்த்தே 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு வாரம் நொதிக்க விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும்; இனிப்பு போய்விடும். ஊறும் தோலும் விதையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளை இறக்கும்.

இனி நடப்பதுதான் அற்புதம். எச்சிலில் உள்ள ஒருவகைப் புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்திருக்கிறது. மற்ற புரதங்களைப்போல் உருண்டையாகச் சுருளாமல், இது பிரித்துப்போட்ட நூலாக நீண்டு கிடக்கும். டானினோ தட்டையான வளையங்கள் கோத்த மூலக்கூறு. தட்டின்மேல் தட்டு அடுக்குவதுபோல் அதன் வளையங்கள் புரோலினின் வளையங்கள்மேல் படிய, ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்தப் பிடியை இறுக்குகின்றன. ஒரு டானினுக்குப் பல கைகள் என்பதால் பக்கத்து நூலையும் பற்றிக்கொள்ளும். நூல்கள் சிக்காகி, கரைந்திருக்க முடியாமல் திரிந்துவிடும். வழவழப்பு போய் நாக்கும் அண்ணமும் உரசுகின்றன. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை, ஆய்வாளர்கள் பலரும் தொடுவுணர்ச்சி என்று வகைப்படுத்துவது இதனால்தான். சந்தேகமிருந்தால் ஒரு வாய் ஒயினைப் பத்து விநாடி கொப்பளித்து வெள்ளைக் கிண்ணத்தில் துப்பிப் பாருங்கள்: இழை இழையாகத் திரிந்திருக்கும்.

ஆவாரம் பட்டையில் ஊறவைத்து ஆட்டுத்தோலைப் பதனிடும்போது நடப்பதும் இதுதான். பட்டையில் டானின், தோலின் கொலாஜன் என்ற புரதத்தில் புரோலின்.

டானின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்த சோதனையில், சில நாட்களிலேயே எச்சில் சுரப்பி பருத்து இந்தப் புரதம் பன்மடங்கு பெருகியது. தாவரங்களின் டானினுக்கு எதிராக உடல் வைத்திருக்கும் காவல் அது. எலியின் எச்சிலுக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் தினமும் உணரும் ஒன்றுக்கு விடை கிடைத்தது அப்படிப்பட்ட ஆய்வுகளில்தான், கொடுக்கத்தான் வேண்டும்.

இது புரிந்தால் குடிக்கும் முறையும் மாறும். மடக் மடக்கென்று குடித்தால் எச்சில் ஊற நேரமின்றித் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். வாய்க்கு வாய் அரை நிமிடமாவது விடுங்கள். இடையில் சீஸோ இறைச்சியோ ஒரு துண்டு. பாலின் கேசின் என்ற புரதத்திலும் புரோலின் அதிகம் என்பதால் டானின் அதைப் பிடித்துக்கொள்ளும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவது இப்படித்தான்.

டானின் குறைந்த பினோ நுவார், காமே திராட்சை வகைகளில் தொடங்கி, மெர்லோ வழியாகக் காபர்நே சாவிஞோனுக்குப் போங்கள். இத்தாலியின் பரோலோ ஒயினை உருவாக்கும் நெபியோலோ கடைசியில் வரட்டும். நிறம் வெளிறித் தெரிந்தாலும் துவர்ப்பு கடுமை. மிளகாய்க் காரத்தோடு இந்தக் கனத்த வகைகள் வேண்டாம். காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுவதால் எரிச்சல் கூடும்.

அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த அறைகளுக்கான விதி. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. சென்னை வெயிலில் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். மிகக் குளிர்ந்தால் துவர்ப்பு கூர்மையாகும். சூடானால் ஆல்கஹால் நெடி மூக்கில் அடிக்கும்.

இதயத்துக்கு நல்லது என்று மட்டும் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுவைக்காகக் குடிப்பவருக்கு 150 மில்லி ஒரு கிளாஸ் போதும்.

உண்மையிலேயே கெட்ட ஒயினை மூக்கு கண்டுபிடித்துவிடும். திறந்து நாளான பாட்டிலில் வினிகர் வாடை வரும்; மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். புதிதாகத் திறந்ததிலேயே நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் டிரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மம் கலந்திருக்கிறது, பெரும்பாலும் கார்க்கிலிருந்து. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே தெரிந்துவிடும். அந்தப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.