இயக்குநீர்

‘வளர்ச்சி ஹார்மோன்’ என்று எல்லோரும் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் ‘வளர்ச்சி ஓமோன்’ என்கின்றன. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்புகள். ஹார்மோன் என்பதன் தமிழாக்கமாக வளரூக்கி, இயக்குநீர் என்ற இரண்டும் புழங்குகின்றன. இவற்றுள் நான் இயக்குநீரின் பக்கம். உண்ணும் புரதத்துக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலில் பிறப்பு. சிறுகுடலின் உட்சுவரில் தோன்றி, இரத்தத்தின் வழியே போய்க் கணையத்தைச் சுரக்கவைக்கும் ஒரு பொருளை 1902இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டறிந்தார்கள். செக்ரட்டின் என்பது அதன் பெயர். இப்படித் தொலைவிலிருந்து ஏவும் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக ‘ஹார்மோன்’ என்பதை ஸ்டார்லிங் 1905இல் தம் உரையொன்றில் வழங்கினார். ‘இயங்கச் செய்’, ‘தூண்டு’ என்று பொருள்படும் கிரேக்க வினையே அதன் வேர்.

தமிழில் இயங்கு என்பது தன்வினை. இயக்கு என்பது பிறவினை. அடங்கு–அடக்கு, திரும்பு–திருப்பு போன்ற இணை இது. ஒரு மெய்யெழுத்து மாற்றத்திலேயே ‘இயங்கச் செய்’ என்ற கிரேக்கப் பொருள் முழுதும் வந்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான வேர் கிடைப்பது அரிது.

‘அது நீரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வளர்ச்சி இயக்குநீரே 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். ஆனால் உமிழ்நீர், பித்தநீர், செந்நீர் என்று உடலில் ஊறுவதையும் ஓடுவதையும் நீர் என்றே சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. கிரேக்க வழிச் சொல்லான புரோட்டீனை ஒலி தழுவிப் ‘புரதம்’ ஆக்கிக்கொண்டதும் இதே மொழிதான். முதலிடம் பெறுவது என்ற பொருளில் புரோட்டீன் என்ற பெயர் 1838இல் அச்சேறியது.

வளரூக்கியில் எனக்குள்ள குறை வேறு. வேதியியலில் வினையூக்கி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் வரும் குழப்பம் சிறியது. ஊக்கி என்றதும், கூடினால் வளர்ச்சியும் கூடும் என்ற எண்ணம் வந்துவிடுவதே பெரிய சிக்கல். உடலில் நடப்பது அதுவன்று.

வளர்ச்சி இயக்குநீர் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சுரப்பியில் சுரக்கிறது. மூக்குச்சளி அங்கிருந்து வடிவதாகப் பண்டை மருத்துவர்கள் நம்பியதால் சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதற்குப் பெயரானது. இலங்கையில் வழங்கும் ‘கபச்சுரப்பி’யிலும் அந்தப் பிழை அப்படியே தங்கியிருக்கிறது. இயக்குநீர் விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதி. அது கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் ‘இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி-1’ என்ற இன்னொரு பொருளை உண்டாக்குகிறது. எலும்பு முனைகளின் குருத்தெலும்பு பெருகுவதில் அந்தக் காரணிக்குப் பெரும்பங்கு உண்டு.

உணவில் புரதமும் ஆற்றலும் போதாதபோது கல்லீரல் இந்த ஏவலுக்குச் செவிசாய்ப்பதில்லை. அதனால் புரதக் குறையால் வாடும் குழந்தையின் இரத்தத்தில் வளர்ச்சி இயக்குநீர் பெரும்பாலும் மிகுந்தே இருக்கும். வளர்ச்சிக் காரணியோ தாழ்ந்திருக்கும். ஏவல் உரக்க ஒலிக்கிறது, கட்டுவதற்குப் பொருளில்லை. மிகுந்த இயக்குநீர் கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்குகிறது. வளர்ச்சி நிற்கிறது, உயிர் தாங்குகிறது. போதிய உணவு கிடைத்தால் காரணி மீண்டும் ஏறும். ‘வளரூக்கி மிகுந்த, வளராத குழந்தை’ என்று எழுதிப் பாருங்கள், சொல்லே முரண்படும்.

இந்த வாட்டத்தின் ஒரு வகைக்குக் குவாஷியோர்க்கர் என்று பெயர். கானா நாட்டின் கா மொழிச் சொல் அது. 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது பொருள். தாய்ப்பால் நின்று, மாவுக்கஞ்சி மட்டும் கிடைத்த பிள்ளையின் கதை முழுதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நோய்ப்பெயர்களில் என்னை இவ்வளவு உலுக்கியது வேறில்லை.

மறுபுறமும் சொல்ல வேண்டும். ஓர் ஆய்வில், புரதம் மிகுந்த பால்மாவு குடித்த கைக்குழந்தைகளுக்கு வளர்ச்சிக் காரணி கூடியது. எடையும் வேகமாக ஏறியது. உயரம் அதே கணக்கில் கூடிவிடவில்லை. உலக சுகாதார அமைப்பின் 2007 அறிக்கைப்படி ஒரு வயதுக் குழந்தைக்கு உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.14 கிராம் புரதம் போதும், பெரியவர்களுக்கு 0.83 கிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 11 கிராம்தான். அதற்குமேல் புரதமாவைக் கரைத்து ஊட்டுவது உயரத்தை வாங்கித் தராது.

எழுதும்போது இயக்குநீர்ச் சுரப்பு, இயக்குநீர்க் குறைபாடு, இயக்குநீர்ப் பரிசோதனை என்று வல்லினம் மிகும். பன்மையில் இயக்குநீர்கள்.