ஒரே பிலிமில் இரண்டு சின்னப்பா

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. அதன் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் 1940-இல் எடுத்த 'உத்தமபுத்திர'னில் நடிகர் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். மர்மப் படங்களுக்கு இது கைகொடுத்த வித்தை: "கொலை நடந்தபோது அவன் வேறு ஊரில் இருந்தானே!" என்ற முடிச்சை, "அவனைப் போலவே இன்னொருவன்" என்ற ஒரே ஷாட்டில் அவிழ்த்துவிடலாம்.

அந்த ஷாட்டை கேமராவுக்குள்ளேயே எடுக்கும் முறை கேட்க எளிது. லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்து இடது பாதியை மறைத்து, நடிகரை வலப்பக்கம் நடிக்க வைப்பார்கள். பிறகு லென்ஸை மூடி, பிலிமைத் தொடங்கிய பிரேமுக்கே பின்னால் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, உடையும் மீசையும் மாற்றிய அதே நடிகரை இடப்பக்கம் நிறுத்துவார்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்; நொடிக்கு 24. ஆக, 30 நொடி ஷாட்டுக்கு 45 அடி, 720 பிரேம். எண்ணிக்கையில் 12 பிரேம் பிசகினாலே கேள்விக்கு முன் பதில் அரை நொடி முந்திவிடும்.

பாடாய்ப் படுத்துவது நடுக்கோடுதான். இரண்டு அட்டைகளுக்கும் பொதுவாக ஒரு கீற்று மறைந்துபோனால், அங்கே நெகடிவில் ஒளியே படாது. திரையில் கறுப்புக் கோடு. இரண்டு தடவையும் ஒளி பட்டால் வெள்ளைக் கோடு. அட்டை லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் விளிம்பு மங்கலாக விழும். அந்த மங்கலில் முதல் தடவை விட்ட ஒளியை இரண்டாம் தடவை நிரப்ப வேண்டும். அதனால் இடையில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவை, தொடவே கூடாது. தொட்டால் மங்கலின் அகலம் மாறிவிடும், கூட்டல் கணக்கு உதைக்கும்.

மின்னழுத்தம் இறங்கினால் ஒரு பாதி மட்டும் இருளும். யாராவது கேமரா ஸ்டாண்டை இடித்துவிட்டால், நடுவில் இருக்கும் மேசை இரண்டாக உடைந்து தெரியும். பார்வைக்கும் கணக்கு உண்டு: எதிரில் ஆள் இல்லை, ஒரு குச்சியில் கண் உயரத்துக்கு அடையாளம் மட்டும்தான். அது நாலு விரற்கடை இறங்கினால் அண்ணன் தம்பியின் தாடையோடு பேசிக்கொண்டிருப்பார்! எல்லாமே ஒரே நெகடிவில் என்பதால், இரண்டாம் பாதியில் வசனம் குளறினால் முதல் பாதியும் போச்சு.

கோட்டை மறைக்கத் தூண், கதவு நிலை, திரைச்சீலை ஓரம் ஏதாவது ஒன்றை நடுவில் வைப்பார்கள். அதைத் தாண்டி ஒரு கையோ நிழலோ போகாது. போனால் கோட்டில் வெட்டுப்படும். கட்டிப்பிடிக்கும் காட்சிக்கு மட்டும் முதுகு காட்டும் டூப். இது தெரிந்தபின் பழைய படம் பார்ப்பதில் ஒரு சங்கடம்: அதுவரை உலாவிய கேமரா திடீரென ஆணியடித்தாற்போல் நின்று, நடுவில் ஒரு தூணும் இருந்துவிட்டால், கதவு திறக்கும் முன்பே யார் வரப்போகிறார் என்று தெரிந்துபோகிறது.