'எஸ்டேட் சேல்': தமிழில் எப்படிச் சொல்வது?

"சனிக்கிழமை காலையில் பக்கத்துத் தெருவில் நடந்த தோட்ட விற்பனைக்குப் போய், நாலு சாப்பாட்டுத் தட்டும் ஒரு மேசை விளக்கும் வாங்கி வந்தாள்." அமெரிக்கக் கதை ஒன்றின் மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி. தோட்டம் விற்கிற இடத்தில் தட்டு எப்படி வந்தது என்று குழம்பினேன். மூலத்தில் 'எஸ்டேட் சேல்' என்று இருந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. எஸ்டேட் என்றதும் வால்பாறையும் நீலகிரியும் நினைவுக்கு வருவது நம் வழக்கம்; மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. 'சொத்து விற்பனை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதைப் படித்தால் வீடோ மனையோ கைமாறுகிறது என்றுதான் தோன்றும்.

சரி, அமெரிக்காவில் இதற்கு என்ன பொருள்? ஒருவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். வீட்டைக் காலி செய்தாக வேண்டும். குடும்பத்தார் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சம் அத்தனைக்கும் விலைச்சீட்டு ஒட்டி, அந்த வீட்டிலேயே வைத்து இரண்டு மூன்று நாள் விற்பார்கள். வருகிறவர்கள் கூடம், படுக்கையறை, அடுக்களை என்று நடந்து பார்த்து வாங்குவார்கள். வயதானவர் பெரிய வீட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகும்போதும் இப்படி விற்பதுண்டு. அதற்கும் இதே பெயர்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ஸ்டேட்டுஸ்' என்றால் நிலை. நிற்றலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, முதலில் ஒருவருடைய நிலையையும் சமூகப் படியையும் குறித்தது. பழைய பிரான்சில் குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று பிரிவுகளுக்கும் எஸ்டேட் என்றே பெயர். பத்திரிகைகளை நாம் நான்காம் தூண் என்கிறோமே, அதன் பின்னணியில் இருப்பதும் இந்த எஸ்டேட்தான். நிலையிலிருந்து உடைமைக்கும், நிலத்தின் மீதுள்ள உரிமைக்கும், பெரிய பண்ணைக்கும் சொல் நகர்ந்தது. மலைத்தோட்டங்களோடு நமக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசிப் பொருள். தமிழிலும் 'நில்' என்ற வேரிலிருந்தே நிலை, நிலம் இரண்டும் வந்தன என்று சொல்வதுண்டு. அப்படியானால் இரண்டு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சட்டத்தில் இன்னொரு கிளை வளர்ந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற எல்லாம் சேர்ந்தது அவருடைய எஸ்டேட். வீடு, வங்கிக் கணக்கு, நாற்காலி, கரண்டி என எதுவும் விலக்கல்ல. அவர் வைத்துப்போன கடனையும் அதிலிருந்துதான் தீர்க்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் எஸ்டேட்டும் இந்தப் பொருளில்தான். விற்பனையின் பெயரில் இருப்பது இந்தச் சட்டப் பொருள்.

இந்த 'எல்லாம்' என்பதைப் பிடித்துக்கொண்டால் விற்பனை நடக்கும் விதமும் புரிந்துவிடும். இதை எடுத்து நடத்துகிறவர்கள் குடும்பத்துக்குச் சொல்லும் முதல் வார்த்தை, "நாங்கள் வந்து பார்க்கும் வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்" என்பது. பாதி தீர்ந்த சோப்புத்தூள், பழைய தையல் பொத்தான்கள், துருப்பிடித்த திருகாணிகள் வரை அங்கே விலை போகும். அதே சமயம் சட்டைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம், அலமாரியின் அடிப்பக்கம் எல்லாம் தேடுவார்கள். பணமும் பத்திரங்களும் குடும்பப் படங்களும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நல்ல விற்பனை என்றால் விடியற்காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும்; எண் எழுதிய சீட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சம் பேராக உள்ளே விடுவார்கள். முதல் நாள் முழு விலை. கடைசி நாளில் பல வீடுகளில் பாதி விலை. நடத்திக் கொடுக்கும் நிறுவனம் மொத்த வசூலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளும். இது பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். தூசு தட்டி, வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விலை வைக்கிற உழைப்பைப் பார்த்தால் அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இதை ஏலம் என்று எழுதினாலும் தவறு. ஏலம் என்பது போர்த்துக்கீசிய 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மலையாளத்தில் 'லேலம்' என்று முதல் எழுத்து தங்கிவிட்டது. தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உதிர்ந்தது. ஏலத்தில் விலையைக் கேட்கிறவர் ஏற்றுவார். எஸ்டேட் சேலில் விலை சீட்டிலேயே இருக்கும், நாளாக ஆக இறங்கும். ஆனால் எஸ்டேட்டை ஏலத்திலும் விற்கலாம். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் 1994இல் மறைந்தபின், அவருடைய உடைமைகளை 1996 ஏப்ரலில் நியூயார்க்கில் சதபிஸ் நிறுவனம் நான்கு நாள் ஏலம் விட்டது. 700 டாலர் வரை போகலாம் என்று கணித்த போலி முத்துமாலை 2,11,500 டாலருக்குப் போனது.

இனி தமிழ்ச் சொல். பழந்தமிழில் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: எச்சம். எஞ்சி நிற்பது எச்சம். புகழை 'இசையென்னும் எச்சம்' என்கிறார் வள்ளுவர். 'எச்சத்தாற் காணப் படும்' என்ற இடத்தில் பரிமேலழகர் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள் கொள்கிறார். ஒருவர் போன பின் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் இன்று எச்சம் என்றால் பறவை போட்டதுதான் நினைவுக்கு வரும். 'எச்ச விற்பனை' என்று பலகை வைத்தால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். மரபுச் சொத்தைக் குறித்த 'தாயம்' தாயக்கட்டைக்குப் போய்விட்டது. தாயாதி என்ற உறவுச் சொல்லில் மட்டும் பழைய பொருள் நிற்கிறது.

உடைமை என்ற சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 'தங்கள் உடைமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பைக் கேட்டால் யாரும் நிலத்தை நினைப்பதில்லை, பெட்டியையும் பையையும்தான் தேடுவார்கள். அதனால் 'மறைந்தவர் உடைமை விற்பனை' என்று எழுதலாம். உயிரோடு இருப்பவர் வீடு மாறும்போது நடப்பதற்கும் சேர்த்து ஒரே சொல் வேண்டுமானால் 'வீட்டுடைமை விற்பனை' என்று சொல்லலாம். கதையில் வந்த அந்தப் பெண்ணும் சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் மறைந்தவர் ஒருவருடைய வீட்டுடைமை விற்பனைக்குத்தான் போயிருக்கிறாள்.