மேஸ்: புதிர்ப்பாதை அல்ல, திகைவழி

கிளை பிரியும் வழிகளுக்குள் சிக்கி வெளிவாசலைத் தேடும் மேஸ் (maze) வகைக் கணினி விளையாட்டு என்றாலே 'புதிர்ப்பாதை' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கு பார்த்தாலும் அதுதான். பொருளைத் தவறவிட்ட சொல் அது.

மேஸ் ஆங்கிலச் சொல். அறிவு கலங்கி நிற்றல், திகைத்தல் என்பதே அதன் பழம்பொருள். ஆளைத் திகைக்கவைக்கும் கிளைவழிகளுக்கு அது பின்னால்தான் பெயரானது. வியப்பைக் குறிக்கும் 'அமேஸ்' அதன் உறவு.

புதிர் அப்படியல்ல. அதற்கு விடை உண்டு. திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக யோசிக்கலாம். '3டி மான்ஸ்டர் மேஸ்' விளையாட்டில் அந்த நிதானம் ஏது? பிரிட்டனின் மால்கம் எவன்ஸ் 1981-இல் சிங்க்ளேர் இசட்எக்ஸ்81 கணினிக்காக எழுதியது அது. கணினியின் சொந்த நினைவகம் 1 கிலோபைட். விளையாட 16 கிலோபைட் துணை நினைவகம் வேண்டும். வண்ணமில்லை, ஒலியில்லை. மேலிருந்து பார்க்க வரைபடமும் இல்லை. கண்முன்னே சுவர்கள், எங்கோ ஒரு டைனோசர், தப்ப ஒரே வாசல். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வழிகள் புதிதாக அமையும் என்பதால் நேற்றுக் கண்ட விடை இன்று உதவாது. 'காலடி ஓசை நெருங்குகிறது' என்று திரையில் எழுத்து வரும். பிறகு 'ஓடு, அது உன் பின்னால் இருக்கிறது.' வீட்டுக் கணினிகளின் முதல் முப்பரிமாண விளையாட்டுகளில் ஒன்றாக இதைப் போற்றுகிறவர்கள் இன்றும் பேசுவது அந்தப் பதற்றத்தைத்தான். திகில் விளையாட்டுகளுக்கு முன்னோடி என்று சொல்வதும் அதனால்தான். இதைப் புதிர் என்பவர் விளையாட்டைப் பார்க்கவில்லை, அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார்.

'சக்கரவியூகம்' என்போரும் உண்டு. அது படைவகுப்பு, ஆட்கள் நின்று அமைப்பது. 'ஏழுசுற்றுக் கோட்டை' நல்ல தமிழ்தான், ஆனால் அதில் சுற்றிச் சுற்றி மையத்துக்குப் போகும் ஒரே பாதை. கிளை பிரியாத இடத்தில் வழி தவற முடியாது.

நமக்குத் 'திகை' இருக்கிறதே! வினையாக நின்றால் மதிமயங்குதல். பெயராக நின்றால், பழந்தமிழில், திசை. மிதித்தவனுக்கு வழி மறந்துபோகும் என்று ஊரில் சொல்லும் செடிக்குத் திகைப்பூண்டு என்றல்லவா பெயர்! ஆங்கிலச் சொல் பிறந்த அதே அனுபவத்திலிருந்து 'திகைவழி' என்ற சொல் இயல்பாக வருகிறது. இதை விட்டுவிட்டுப் புதிரைப் பிடித்துக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்கள் தனித்தமிழுக்கும் உதவவில்லை, தெளிவுக்கும் உதவவில்லை. தமிழ்ச்சொல்லாக இருந்துவிட்டால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள்.

விளையாட்டின் பெயரை மாற்ற வேண்டாம், அது எவன்ஸ் உருவாக்கிய விளையாட்டின் பெயர். வகையைச் சொல்லும்போது மட்டும் 'திகைவழி விளையாட்டு' என்று எழுதுங்கள்.