45 வயதில் குடல் பரிசோதனை: அமெரிக்க இன்சூரன்ஸ் விதி தரும் உரிமை

பெருங்குடல் புற்றுநோய் குடலைத் தாண்டிப் பரவுவதற்குள் பிடிபட்டால், அமெரிக்காவில் 100 பேரில் ஏறக்குறைய 90 பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போன பிறகு தெரியவந்தால், 15 பேர் தேறுவதே பெரிது. இதில் உடலின் பங்கும் உண்டு. கட்டி குடலின் எந்தப் பக்கம் வந்தது, அதில் என்ன மரபணு மாற்றம் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் வேகம் மாறும். ஆனால் இன்சூரன்ஸ் இல்லாததும், வேலையில் லீவு கிடைக்காததும், பில்லுக்குப் பயந்து நாள் கடத்துவதும் நோயை முற்றவிடுகின்றன. பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அவ்வளவு அவகாசம் இருந்தும் பணத்துக்காக ஒருவர் அதைத் தவறவிடுவது கொடுமை.

அதைத் தடுக்கத்தான் இந்த விதி. 2010 சுகாதாரச் சட்டப்படி, தடுப்புச் சேவைகளுக்கான பணிக்குழு ஏ அல்லது பி தரம் கொடுத்த (அதாவது, செய்துகொள்ளும்படி பரிந்துரைத்த) பரிசோதனைகளுக்குப் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்கள் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். இந்தக் குழு 2021 மே மாதம் குடல் பரிசோதனைக்கான தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. எனவே 45 முதல் 75 வயது வரை, இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது அதனுடன் ஒப்பந்தம் செய்த பட்டியலில், உள்ள மருத்துவரிடம் போனால், கோபேயும் (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) இல்லை, டிடக்டிபிளும் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) இல்லை.

சரி, அப்படியும் பில் வருகிறதே? பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மலப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்து கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்ப்பது) செய்தாக வேண்டும். முன்பு அதைத் தனிச் சிகிச்சையாகக் கணக்கிட்டுப் பணம் கேட்டார்கள். 2022 மே 31 அன்றோ அதற்குப் பின்னோ தொடங்கிய தனியார் இன்சூரன்ஸ் திட்ட ஆண்டுகளிலும், 2023 முதல் மெடிகேரிலும் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) அதுவும் ஸ்கிரீனிங்கின், அதாவது அறிகுறி இல்லாதபோதே செய்யும் சோதனையின், பகுதிதான். அப்போதே பாலிப்பை அகற்றினாலும் தனியார் இன்சூரன்ஸில் கட்டணம் கூடாது. மெடிகேரில் மட்டும் 2026 வரை 15 சதவீதம் நாம் கட்ட வேண்டும். 2027இல் அது 10 ஆகும், 2030இல் இல்லாமலே போகும்.

மலத்தில் ரத்தம் போன்ற அறிகுறிக்காகப் போனால் கதை வேறு. அது நோயறியும் சோதனை, பில் வரலாம். அதற்காகத் தயவுசெய்து அறிகுறியை மறைக்காதீர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், 45 வரை காத்திருக்கவும் வேண்டாம். பொதுவாக 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது தொடங்கச் சொல்வார்கள்.

ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸை இந்த விதி கட்டுப்படுத்தாது. இன்சூரன்ஸே இல்லாதவர்கள், அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்களுக்குப் போகலாம். அங்கே வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலேயே மல மாதிரி எடுத்துக் கொடுக்கும் கிட் இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். அதற்கு லீவும் போட வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம்.