ஹோலோடைப்: முழுமாதிரிக்குக் கால் எங்கே?

மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்று மெய்ப்புப் பார்க்க வந்திருந்தது. புதிதாக விவரிக்கப்பட்ட, நீரின் மேல் நடக்கும் ஒரு நீர்தாண்டிப் பூச்சியைப் பற்றியது. அதில் ஒரு வரி: 'முழுமாதிரி: ஆண், இறக்கையற்றது, இடது நடுக்கால் இல்லை.' எனக்கு முன்னால் படித்தவர் ஓரத்தில் பென்சிலால் 'முழுமாதிரி என்றால் கால் எங்கே?' என்று கேட்டு வைத்திருந்தார். கேள்வியில் தவறே இல்லை. ஒரு சிற்றினத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றை உடலைக் குறிக்கும் ஹோலோடைப் என்ற உயிரியல் சொல்லுக்கு 'முழுமாதிரி' என்று எழுதுவதை எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இந்தத் தடவை மட்டும் பேசாமல் தாண்டிப் போக முடியவில்லை.

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ஹோலோஸ் என்றால் முழுமை. டூபோஸ் என்றால் அடி, அடித்ததால் பதிந்த தடம், அச்சு. இரண்டையும் ஒட்டி 1897இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் சார்லஸ் ஷூகர்ட் உண்டாக்கிய சொல் இது. அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஹோலோவுக்கு 'முழு', டைப்புக்கு 'மாதிரி' என்று போட்டால் வேலை முடிந்தது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். வேறு சிலர் டைப்புக்கு 'வகை' என்று போட்டு 'முழுவகை' என்றும் எழுதுகிறார்கள். அதைப் பற்றிப் பேசுவதே வீண். முழு வகை, அரை வகை, கால் வகை என்று சந்தைக்கணக்குப் போலாகிவிடும்.

பொருள்தான் முக்கியம். ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கிறவர், தம்மிடம் உள்ள பதப்படுத்திய உடல்களில் ஒன்றே ஒன்றை எடுத்து, 'நான் வைக்கும் பெயர் இதற்கு உரியது' என்று அச்சில் அறிவிக்கிறார். அந்த ஒற்றை உடல்தான் ஹோலோடைப். 'முழு' என்ற சொல் இங்கே உடலின் முழுமையைச் சொல்லவில்லை. பெயரின் பொறுப்பு முழுவதும் அந்த ஒன்றின் தலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. 1999க்குப் பிறகு வெளியான எந்தப் புதிய விலங்குச் சிற்றினப் பெயரும், அப்படி ஒன்றையோ ஒரு தொகுதியையோ வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதிகளின்படி செல்லாது.

நீர்தாண்டியின் ஹோலோடைப்பைக் கிட்டத்தில் பார்த்தால் 'முழு' எவ்வளவு பொருந்தாத சொல் என்பது தெரியும். உடலைவிட நீளமான, மயிரிழை போன்ற கால்கள். வலையிலிருந்து எடுக்கும்போதே ஒன்றிரண்டு ஒடியும். ஆண்பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள பிறப்புறுப்புத் துண்டுகளை வைத்துத்தான் ஒரு சிற்றினத்தை இன்னொன்றிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியும். ஆகவே அந்த நுனியை வெட்டியெடுத்து, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, கிளிசரின் நிரப்பிய ஒரு சின்னக் குப்பியில் தனியாகப் போட்டு வைப்பார்கள். மிச்ச உடல் முக்கோண அட்டைத் துண்டில் ஒட்டப்பட்டு ஊசியில் நிற்கும். அதன் கீழே இடமும் நாளும் எழுதிய சீட்டு, அதற்கும் கீழே ஹோலோடைப் என்று காட்டும் சிவப்புச் சீட்டு. காலொடிந்து, வயிறு வெட்டுப்பட்டு, இரண்டு இடங்களில் கிடப்பதற்குப் பெயர் முழுமாதிரி!

சரி, 'முழு'வைத் தள்ளிவிட்டு 'வகைமாதிரி' என்று சொல்லலாமே என்பார்கள். பாடநூல் நடைக்குப் பழகியவர்களுக்கு இது பிடித்த சொல். எனக்கு முழுமாதிரியைவிட இதன் மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் இது சரியானதுபோல் ஒலிக்கிறது. நம் இலக்கியத் திறனாய்வில் 'வகைமாதிரிப் பாத்திரம்' என்றால் என்ன? தன் வர்க்கத்தின் இயல்புகளையெல்லாம் ஒருசேரக் காட்டும் பாத்திரம். வகைமாதிரி என்றாலே தமிழ் வாசகர் மனத்தில் 'அந்த வகைக்கு எடுத்துக்காட்டு' என்றுதான் விழும். ஹோலோடைப் எடுத்துக்காட்டாக இருக்கவே வேண்டாம். நீர்தாண்டிகளில் ஒரே சிற்றினத்துக்குள் இறக்கை உள்ளதும் இருக்கும், இல்லாததும் இருக்கும். பல சிற்றினங்களில் பெண் ஆணைவிடப் பெரியது. இவற்றில் எது எடுத்துக்காட்டு? எதுவுமில்லை. ஆற்றில் இறக்கையற்றவையே மிகுதி என்றாலும், பெயர் வைத்தவர் கையில் அகப்பட்டது இறக்கை உள்ள ஒன்று மட்டும் என்றால் அதுவே ஹோலோடைப் ஆகலாம். அது அச்சிற்றினத்தில் அபூர்வமானதாக இருந்தாலும் பெயர் அசையாது.

'மாதிரி' என்ற சொல்லின் மீது தூய்மைவாதிகளுக்கு வேறு காரணத்தால் மனக்குறை உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. என் குறை வேறு. பேச்சில் 'மாதிரி' என்றால் 'போல'. அழுகிற மாதிரி நடித்தான் என்கிறோம். எதற்கும் 'போல' இல்லாத, ஒன்றே ஒன்றான பொருளுக்கு 'மாதிரி' என்று பெயர் வைப்பது எப்படிப் பொருந்தும்?

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. பெயரைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று பிரிக்கிறோம். 2018இல் நாகாலாந்தின் பெரென் மாவட்டத்தில் இந்தாங்கி ஆற்றில் பிடித்த ஒரு நீர்தாண்டிக்கு இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தார் டைலோமெரா நாகாலாந்தா என்று பெயர் வைத்தார்கள். முதுகு ஆரஞ்சு நிறம், அதில் கருங்கோடுகள். நீளம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டைலோமெரா என்ற பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் இறகுத்தொடை என்று பொருள். ஆண்பூச்சிகளின் நடுக்காலில் தூரிகை போன்ற மயிர் இருக்கும். இரண்டும் காரணப்பெயர்கள்தாம். ஆனால் விதிகள் காரணத்தைப் பார்ப்பதில்லை. நாளைக்கே இந்தப் பூச்சி வேறு மாநிலத்து ஓடையில் கிடைத்தாலும் 'நாகாலாந்தா' பொய்த்துப்போகாது. வைத்தபின் எல்லாப் பெயரும் இடுகுறிதான். அந்தக் குறியை எதன்மேல் இட்டோம் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். விவரிப்பில் பிழை இருக்கலாம், படம் கோணலாக இருக்கலாம். ஐயம் வந்தால் போய்ப் பார்க்க அந்த உடல் இருக்கிறது.

அதனால்தான் நான் 'பெயர்ச்சான்று' என்கிறேன். சான்று என்றால் சாட்சி. வழக்கு வரும்போதெல்லாம் அழைத்து விசாரிக்கலாம். விதித்தொகுப்பே இவற்றைப் பெயரைத் தாங்குபவை என்றுதான் சொல்கிறது. ஒரு சொல் கிடைத்ததும் அதன் உறவுகளும் வரிசையில் வந்து நிற்கின்றன. பல உடல்கள் சேர்ந்து பெயரைத் தாங்கினால் கூட்டுச்சான்று. அவற்றிலிருந்து பின்னாளில் ஒன்றைத் தேர்ந்தால் தேர்சான்று. இருந்தது அழிந்து வேறொன்றை நிறுத்த நேர்ந்தால் புதுச்சான்று. பெயரைத் தாங்காமல் கூட நிற்பவை துணைச்சான்று. 'முழுமாதிரி'யை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். தேர்ந்த முழுமாதிரியா, புது முழுமாதிரியா?

சான்று ஏன் பொருந்துகிறது என்பதற்கு யானையே போதும். ஆசிய யானைக்கு 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டபோது, அந்தப் பெயரைத் தாங்கியவற்றில் ஒன்று குடுவையில் பதப்படுத்திய ஒரு யானைக்கரு. அது ஆப்பிரிக்க யானையின் கரு என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சாட்சி மாறிப்போன வழக்கு! ஃப்ளாரன்சில் உள்ள ஓர் எலும்புக்கூட்டைத் தேர்சான்றாக்கித்தான் பெயரைக் காப்பாற்றினார்கள். இதை 'மாதிரி' என்ற சொல்லால் சொல்லிப் பார்த்தேன், வாக்கியம் நிற்கவில்லை.

மறுப்பு ஒன்று உண்டு. ஆய்வுக்கு ஆதாரமாகச் சேர்த்து வைக்கும் எந்த உடலையும் 'சான்று மாதிரி' என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, குழம்பாதா என்பார்கள். குழம்பலாம். அதனால்தான் 'பெயர்' என்ற முன்னொட்டை விடக்கூடாது என்கிறேன். டூபோஸின் மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'பொறி' என்று வைக்கலாமா என்றும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். வில்லும் புலியும் கயலும் பொறித்த மொழிக்கு அழகான சொல்தான். ஆனால் இன்று பொறி என்றால் எந்திரம், இல்லாவிட்டால் எலி பிடிப்பது. விட்டுவிட்டேன். இவை எதுவும் வேண்டாம் என்பவர்கள் ஹோலோடைப் என்றே எழுதட்டும். தெரியாத சொல் என்றால் வாசகர் நின்று கேட்பார். தப்பான தமிழ்ச்சொல் என்றால் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்னொன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது: இரண்டு இடத்தில் 'நீர்ச்சிலந்தி'. சிலந்திக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. முன்னங்கால் இரண்டும் குட்டையாக இரை பிடிக்க மடங்கியிருப்பதால் நான்கென்று தோன்றும், எட்டாக எண்ண எப்படித்தான் முடிந்ததோ. இது மூட்டைப்பூச்சிக்குத்தான் உறவு. லின்னேயஸே ஒரு நீர்தாண்டியை மூட்டைப்பூச்சியின் பேரினத்தில்தான் முதலில் சேர்த்தார். நீர்தாண்டி என்ற நல்ல சொல் இருக்கும்போது நீர்ச்சிலந்தி எதற்கு?

இரண்டு சிலந்தியையும் அடித்தேன். மேலே சொன்ன வரியை இப்படி மாற்றி, பென்சில் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதி அனுப்பினேன்: 'பெயர்ச்சான்று: ஆண், இறக்கையற்றது, இடது நடுக்கால் ஒடிந்தது, பிறப்புறுப்பு தனிக் குப்பியில்.'