மருந்து வாங்குபவர் ஒருவர், அடிப்பவர் இன்னொருவர்

பூச்சிமருந்து ஆய்வாளராக எனக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரமெல்லாம் கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும்தான். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டப்படி நான் உரக்கடைக்குள் நுழையலாம், இருப்புப் பதிவேட்டைப் பார்க்கலாம், சந்தேகப்பட்ட சரக்கின் விற்பனையை நிறுத்தி வைக்கலாம், மாதிரி எடுக்கலாம். மாதிரியை மூன்றாக எடுத்து முத்திரை வைக்கிறோம். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, இன்னொன்று நீதிமன்றத்துக்கு. அறிக்கை தவறு என்று கடைக்காரர் நினைத்தால் 28 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்கலாம். அப்போது ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய ஆய்வகத்தின் முடிவுதான் இறுதி.

இவ்வளவு கறாரான சட்டம், பாட்டில் கடைப்படியைத் தாண்டியதும் கையை விட்டுவிடுகிறது. தன் சாகுபடி நிலத்தில் ஒருவர் மருந்தைப் பயன்படுத்துவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அதன் 38ஆம் பிரிவு. விவசாயியைக் கோர்ட் படியேற விடக்கூடாது என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அந்த விலக்கு எழுதப்பட்ட காலத்தில் நிலத்துக்காரரே டேங்கைத் தோளில் மாட்டினார். இன்று பெரும்பாலான ஊர்களில் மருந்து அடிக்கத் தனி ஆள் வருகிறார். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. டேங்க் கணக்கில் கூலி பேசினால் வேகமாக அடிக்கத்தான் தோன்றும். கையுறை போட, காற்றுத் திசை பார்க்க, கசிவைச் சரிசெய்ய அவருக்கு நேரம் ஏது?

வயலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். "என்ன மருந்துண்ணே அடிக்கிறீங்க?" "தெரியல சார், முதலாளி கலந்து வச்சிருந்தாரு." நிலத்துக்காரரிடம் கேட்டால், "உரக்கடையில குடுத்ததுதான் சார்." மூன்று பேர் கை மாறியும் லேபிளை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். என்னைப் போன்ற அதிகாரி ஒருவர் ஒரு வட்டாரம் முழுக்க மருந்து கலக்கும் இடங்களில் எல்லாம் நிற்க முடியாது. அங்கே நிற்கக்கூடியவர் நிலத்துக்காரர் ஒருவர்தான். எனவே மேற்பார்வை என்ற பொறுப்பு உங்களுடையது. ஆளை அமர்த்திய நிமிடத்திலிருந்து அது தொடங்கிவிடுகிறது.

முதலில் கடை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் மருந்தின் பெயரும் தொகுதி (பேட்ச்) எண்ணும் இருக்க வேண்டும். சரக்கு போலி என்று நீங்கள் புகார் கொடுத்தால் நான் பிடித்துக்கொள்ள வேறு நூல் கிடையாது. அடுத்து, கேட்டு வாங்கும் பழக்கம். இன்றும் சிலர் "ஃபோரேட் குருணை இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஃபோரேட், டைகுளோர்வாஸ், டிரைஅசோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்திலேயே நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக்கூடாது என்ற உத்தரவு 2005இல் வந்தது; அதற்குப் பிறகும் கத்தரிக்கும் வெண்டைக்கும் அதை அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். விதிமீறலைக் கடைக்காரர் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. கேட்பவர் இருக்கும்வரை பரணில் ஒரு பெட்டி இருக்கும்.

லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிக் கிடக்கிறது. சிவப்பு என்றால் 'பவர்' அதிகம், பச்சை என்றால் பூச்சி சாகாது என்கிறார்கள். பூச்சிக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. மனித உடலுக்குள் எவ்வளவு குறைந்த அளவு போனாலே கொல்லும் என்பதைத்தான் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை சொல்கிறது. அதையும் முழுதாகச் சொல்வதில்லை. பாராகுவாட் களைக்கொல்லியில் இருப்பது மஞ்சள்தான். உள்ளே போனால் அதற்கு மாற்றுமருந்தே கிடையாது.

லேபிளோடு மடித்து வைத்திருக்கும் துண்டறிக்கையைப் பெரும்பாலும் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்ற நான்கும் இருக்கும். உங்கள் பயிரின் பெயர் அதில் இல்லையென்றால் அந்த மருந்து உங்கள் பயிருக்கு அனுமதிக்கப்படவில்லை என்று பொருள். குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 சதத் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மருந்துக்குத் தக்காளியில் இடைவெளி 3 நாள், வெண்டையில் 5 நாள், கத்தரியில் 22 நாள். கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பறிக்கிறோம். அப்படியென்றால் பறிப்பு தொடங்கிய கத்தரியில் இதை அடிக்க வழியே இல்லை என்றாகிறது. காய்ப்புழுவுக்கு இதுதான் கேட்கும் என்று கடையில் சொன்னாலும், இந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். அடித்த மறுநாள் பறித்து மார்க்கெட்டுக்கு ஏற்றிய காயை யாரோ ஒரு தாய் குழந்தைக்குச் சமைத்துப் போடுகிறாள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அளவு இன்னொரு சிக்கல். கடைக்காரர் சீட்டில் "டேங்குக்கு 2 மூடி" என்று எழுதிக் கொடுப்பார். எந்த மூடி? எந்த டேங்க்? பழைய கைத்தெளிப்பான் 10 லிட்டர். இப்போதைய பேட்டரி தெளிப்பான் 16 லிட்டர், 20 லிட்டர் என்று வருகிறது. ஏக்கருக்கு 60 மில்லி, 200 லிட்டர் தண்ணீர் என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 3 மில்லி, 16 லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி. அளவு குறித்த சிறு குவளையோ ஊசி போடாத சிரிஞ்சோ ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாக ஊற்றி 'காம்பினேஷன்' என்று அடிப்பதை அடியோடு விடுங்கள். அந்தக் கலவையை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆள் மயங்கி விழுந்தால் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று டாக்டரும் திணறுவார்.

2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த ஆண்டு பருத்தி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே அடித்த மருந்து, அடித்தவர்கள் மேலேயே இறங்கியது. மருந்துகளைக் கலந்து அடித்ததும், பாதுகாப்பு உடை இல்லாததும் சேர்ந்துகொண்டன. கரும்பு, சோளம், உயர்ந்து வளரும் பருத்தி எதுவானாலும், பயிர் நெஞ்சுக்கு மேல் போய்விட்டால் முதுகுத் தெளிப்பானோடு ஆளை உள்ளே அனுப்பாதீர்கள்.

கலக்கும் இடத்தில் நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? முதலில் டேங்கின் மூடி. உள்ளிருக்கும் வாஷர் தேய்ந்திருந்தால் நடக்கும்போதெல்லாம் மருந்து தளும்பி முதுகில் வழிந்து இடுப்புக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். உடம்பிலேயே மருந்தை வேகமாக உறிஞ்சும் தோல் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சில ரூபாய் வாஷர் அது. பாட்டிலைத் திறந்து ஊற்றும் நேரம்தான் நாள் முழுவதிலும் ஆபத்தானது, ஏனென்றால் கையில் இருப்பது தண்ணீர் சேராத நஞ்சு. அப்போது ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். துணிக் கையுறை மருந்தைக் குடித்துத் தோலோடு ஒட்டி வைக்கும். முகத்தில் துண்டு கட்டுவதும் அப்படித்தான். காய்ந்திருக்கும்வரை பரவாயில்லை, நனைந்துவிட்டால் வாய்மேல் மருந்தைக் கட்டிக்கொண்டு நடப்பதாக ஆகிவிடும். முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், முழுக்கை சட்டையும் முழுக்கால் சட்டையும் போடச் சொல்லுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் டேங்கைக் கொடுக்காதீர்கள்.

நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் மாற்று நாசில் ஒன்றும் வரப்பில் இருந்தால் அந்த வேலையே வராது. பீடிக்கும் வெற்றிலைக்கும் முன்னால் கை கழுவ சோப்பும் தனிக் குடத்தில் தண்ணீரும் வையுங்கள். உச்சி வெயிலில் அடிக்க வேண்டாம்; வியர்த்த தோல் வழியாக மருந்து எளிதில் உள்ளே போகும், மேலே போட்ட உடையையும் ஆள் கழற்றிவிடுவார். காற்றுக்கு எதிராக நடக்க விடாதீர்கள். கூலியை டேங்க் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசிப் பாருங்கள். பாதி அவசரம் குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

தண்ணீர் சுமந்து வந்து ஊற்றும் பெண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மருந்து பக்கெட்டும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் அன்று அந்த வயல்பக்கம் கூப்பிடாதீர்கள். அடித்த வயலில் மறுநாளே களையெடுக்க ஆள் இறக்குவதும் கூடாது. ட்ரோன் வந்துவிட்டதால் ஆபத்து போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஏக்கருக்குப் பத்து லிட்டர் அளவில்தான் அது தெளிக்கிறது. அதில் ஊற்றும் கலவை அந்த அளவுக்குக் கெட்டியானது.

காலி பாட்டிலை மூன்று முறை கழுவி அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றுங்கள், பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். டேங்கை வாய்க்காலில் கழுவாதீர்கள். மீதி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. அசல் பாட்டிலோடு பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும். மனம் உடைந்த ஒரு நேரத்தில் எட்டும் தூரத்தில் மருந்து இல்லாமல் போனதால் பிழைத்தவர்கள் உண்டு.

அடித்துக்கொண்டிருக்கும்போதோ அன்று இரவோ அந்த ஆளுக்குத் தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், மூச்சுத் திணறல் வந்தாலோ கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரைக் குடிக்கும். பாட்டிலையோ லேபிளையோ கூடவே கொடுத்து அனுப்புங்கள். பாஸ்பரஸ் வகை மருந்தென்று தெரிந்தால் டாக்டர் தாமதமின்றி அதன் மாற்றுமருந்தான அட்ரோபினைத் தொடங்குவார். வேலை முடிந்து போகும் ஆளிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்து, அவர் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.